அரக்குப் பட்டும் இட்லிச் சட்டியும்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கும் அதுவுமாக என் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டாள் அபிநயா. பெற்ற மகள், ஒரே மகள். அடுத்த மாதம் நாலாம் தேதி அவளுக்குக் கல்யாணம், முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன். மண்டபம், சமையல், பத்திரிகை எல்லாம் முடிந்தது, கொஞ்சம் மூச்சு விடலாம் என்று எலுமிச்சம்பழச் சாதத்தோடு உட்கார்ந்தேன். பெங்களூரிலிருந்து போன்.

"அம்மா, ரிசப்ஷனுக்கு விண்டேஜ் தீம் வச்சிருக்கோம்."

"அப்படின்னா?"

"பழைய காலம் மாதிரிம்மா. ஹால்ல உங்க கல்யாண போட்டோ மாட்டியிருக்குல்ல, அதே மாதிரி நானும் பிரசன்னாவும் உக்காந்து எடுக்கப் போறோம். புஃப் கை வச்ச பிளவுஸ், நெத்திச்சுட்டி, சுருக்குப் பை எல்லாம் தேடி வாங்கணும். புடவை மட்டும் வாங்க வேணாம். உன் முகூர்த்தப் பட்டையே நான் கட்டிக்கிறேன்."

வாய்க்குப் போன கை பாதியில் நின்றுவிட்டது. "அது பழசுடி, மடிப்புல விட்டுப் போயிருக்கும்" என்றேன்.

"பரவால்லம்மா. எடுத்துக் காத்தாடப் போடு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

எதை எடுத்துக் காத்தாடப் போட? அந்தப் புடவை வீட்டில் இல்லை. பதினோரு வருடமாக இல்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும். சிமென்ட் கடையில் இலவசமாகக் கொடுத்த இந்த டைரியில் சிலிண்டர் வந்த தேதியைத் தவிர எதுவும் எழுதியதில்லை. இதை எங்கேயாவது கொட்டாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 4, திங்கள்

எங்கே போயிற்று என்று எழுதிவிடுகிறேன். பாத்திரக்காரரிடம் போயிற்று.

தெருவில் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு "பழைய துணிக்குப் பாத்திரம்" என்று கூவிக்கொண்டு வருவாரே, அவர்தான். நாலு பழைய பேன்ட் கொடுத்தால் ஒரு டம்ளர் கொடுக்க மூக்கால் அழுவார். பட்டு என்றால், ஜரிகைக்காக, ஆளே மாறிவிடுவார். பழைய வேட்டியில் சுற்றி பீரோவின் அடித்தட்டில் கிடந்ததை நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அப்படியே தூக்கிக் கொடுத்தேன். ரவிக்கையும் அதற்குள்தான் இருந்தது. அவர் பிரித்தபோது நான் தெருமுனைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். அடி கனத்த எவர்சில்வர் இட்லிச் சட்டி, மூன்று தட்டோடு கொடுத்துவிட்டுப் போனார். இன்றைக்குக் காலையில்கூட அதில்தான் இட்லி அவித்தேன்.

ஏன் கொடுத்தேன்? பீரோவில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது, கொடுத்தேன். வேறொன்றும் இல்லை.

(என் வீட்டுக்காரருடைய கல்யாணக் கோட்டு அதைவிட இடத்தை அடைத்துக்கொண்டு தொங்குகிறது. அதை நான் தொட்டேனா? வருடா வருடம் அவரே வெயிலில் போட்டு, அவரே தூசி தட்டி, அவரே மாட்டுகிறார்.)

ஆகஸ்ட் 6, புதன்

நூர்ஜஹானிடம் சொல்லிவிட்டேன். கீழ்வீட்டில் தையல் மெஷின் போட்டிருப்பவள். நான் நூலகத்தில் வேலை பார்த்த காலத்திலிருந்து என் ரவிக்கை எல்லாம் அவள் கைதான். கேட்டுவிட்டு மெஷினிலிருந்து காலை எடுத்தாள்.

"அக்கா, கல்யாணப் பட்டப் போட்டா சட்டி வாங்குனீங்க?"

"இடம் அடச்சுச்சு நூரு."

"ஆமா, புடவைதானே, பூதமா அடைக்குது" என்றாள். பிறகு அவளே வழியும் சொன்னாள். "அண்ணனுக்கும் தெரியாது, பாப்பாவுக்கும் தெரியாது. அதே மாதிரி ஒண்ணு வாங்கி, பழைய வேட்டியில சுத்திக் குடுத்துருங்க. இப்பத்தான் பழசு மாதிரியே புதுசு நெய்றாங்களே. என்ன கலரு?"

"அரக்கு. மாம்பழ பார்டர். ரவிக்கையும் மாம்பழம்."

"அரக்கா, நாவப்பழமா? பழைய பட்டுல ரெண்டும் ஒண்ணு மாதிரித்தான் இருக்கும். நல்லா ஞாபகம் வச்சுச் சொல்லுங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என் கல்யாணப் புடவை கலர் எனக்குத் தெரியாதா? முப்பத்தோரு வருசமா தெனமும் அந்த போட்டோவத்தானே பாத்துக்கிட்டிருக்கேன்?"

ஆகஸ்ட் 9, சனி

இன்றைக்கு மாதிரி ஒரு நாள் என் எதிரிக்கும் வரக்கூடாது.

அபிநயா விடியற்காலை பஸ்ஸில் வந்திறங்கினாள். பத்து மணிக்கு என்னைக் கே.கே. நகரில் ஒரு கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கடைக்குள் வெளிச்சமே இல்லை. மஞ்சள் பல்பு நாலு. பழைய தையல் மெஷின் ஒன்றின் மேல் வளையல்களை அடுக்கியிருந்தார்கள். நூர்ஜஹான் பார்த்திருந்தால் கண்ணீர் விட்டிருப்பாள்.

முதலில் ஜிமிக்கி. கறுகறுவென்று இருந்தது. "இது என்னம்மா, மூணு வருசம் புளியே காட்டாத குத்துவிளக்கு மாதிரி இருக்கு?" என்றேன்.

கடைப் பெண் பதறிவிட்டாள். "ஐயோ ஆன்ட்டி, அது ஆக்ஸிடைஸ்டு. தேய்ச்சுறாதீங்க. அந்தக் கறுப்புதான் லுக்கு."

அடுத்தது கையால் செய்த மண் தோடு. ஒன்று பெரிசு, ஒன்று சின்னது. காட்டினேன். "ஹேண்ட்மேட் ஆன்ட்டி, அப்படித்தான் வரும்" என்றாள்.

"நான் ஊத்துற தோசையும் ஹேண்ட்மேட்தான். ஒண்ணு பெரிசா ஒண்ணு சிறுசா வந்தா எங்க வீட்டுல கேக்குறாங்களே?"

அபிநயா என் முழங்கையைக் கிள்ளினாள். பிறகு சுருக்குப் பை. வெற்றிலை பாக்கு வைக்க இடுப்பில் செருகுவார்களே, அதேதான். அதற்கு இங்கே வேறு பெயர், கண்ணாடிப் பெட்டி, கூடவே மடித்து வைத்த ஒரு கடிதம். இதைச் செய்தவரின் மனசு இந்தப் பையில் இருக்கிறதாம். நாடாவை இழுத்தேன். சுருங்கவில்லை. சுருங்காத சுருக்குப் பை! கேட்டால் அது அலங்காரத்துக்காம், இழுக்கக்கூடாதாம். மகள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். வாங்கிக் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

ரவிக்கைக்குப் புஃப் கை தைக்கக் கை அளவு எடுத்தபோது மட்டும் சிரித்தாள். "அம்மா, இப்ப எல்லாமே புதுசு. உன் புடவை ஒண்ணுதான் நெசமான பழசு. அதுக்காகத்தான் இவ்வளவும்."

நான் வளையலைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

புடவை எங்கே என்றாள். டிரை கிளீனிங் கொடுத்திருக்கிறேன் என்றேன். ஒரு பொய்க்கு ஒன்பது பொய் சொல்ல வேண்டும் என்பார்கள். இது ரெண்டாவது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஹாலில் இருந்த கல்யாண போட்டோவைக் கழற்றித் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு நானும் நூர்ஜஹானும் விளக்குத்தூண் போனோம். "போட்டோ எங்க?" என்று கேட்டார் அவர். கண்ணாடி துடைக்கப் போகிறது என்றேன். மூணாவது.

ஆடித் தள்ளுபடிக் கூட்டம். கால் வைக்க இடமில்லை. அதில் நான் கல்யாண போட்டோவைச் சாமி படம்போல் மார்போடு பிடித்துக்கொண்டு கடை கடையாக ஏறினேன். முதல் கடையில் அரக்கு என்று செங்கல்லைக் காட்டினார்கள். ரெண்டாவதில் கலர் சரி, பார்டரில் யானை மயில் எல்லாம் ஊர்வலம் போயிற்று. நாலாவது கடையில் ஒரு ஆள், "ஆன்டிக் ஜரிகைம்மா, மங்கலாத்தான் இருக்கும், அதான் இப்ப ஓடுது" என்று ஒரு புடவையை உதறினார். எனக்கு வேண்டியதே அந்த மங்கல்தான் என்று அவரிடம் சொல்ல முடியுமா?

ஆறாவது கடையில் கிடைத்தது. அரக்கு உடல், மாம்பழ பார்டர், பார்டரில் பொடிசாக ருத்திராட்சக் கட்டம். போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அச்சு அசல்.

விற்கிறவர் போட்டோவை எட்டிப் பார்த்தார். "யாரும்மா இது, உங்க தங்கச்சியா?"

நான்தான் என்றேன். அவர் பில் போடப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

புதுப் பட்டைப் பழசாக்குவது லேசுப்பட்ட வேலை இல்லை. மொட்டை மாடியில் ரெண்டு நாள் வெயில் காட்டினேன். திருப்பித் திருப்பி மடித்துப் பலகையை மேலே வைத்து உட்கார்ந்தேன். அந்துருண்டை ஒரு டப்பா பூராவும் போட்டாயிற்று. பிறகு அவருடைய பழைய வேட்டியைத் தேடி எடுத்துச் சுற்றினேன். அந்தக் கடைக்காரி புதுசை அழுக்காக்கிப் பழசு என்று விற்கிறாள் என்று சனிக்கிழமை பூராவும் திட்டினேன். இன்றைக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேனாம்?

ஆகஸ்ட் 15, வெள்ளி

லீவு என்று அபிநயா வந்தாள். மூட்டையைக் கொடுத்தேன். பிரித்து முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "அம்மா, உன் வாசனை வருதும்மா" என்றாள். அது அந்துருண்டைடி மகளே. கண்கூடக் கலங்கிவிட்டாள் பாவி. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அவர் பேப்பரை இறக்கி வைத்துவிட்டு வந்தார். புடவையைப் பார்த்தார். பார்டரைத் தொட்டார். என்னைப் பார்த்தார். "ம்" என்றார். போய் மறுபடியும் பேப்பரை எடுத்துக்கொண்டார்.

ம்! முப்பத்தோரு வருடக் கல்யாணத்துக்கு ஒரு "ம்". பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவருக்கு எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். பெண்டாட்டி என்ன கட்டியிருக்கிறாள் என்று கேட்டால் துணி என்பார்.

சரி, எழுதிவிடுகிறேன். யார் படிக்கப் போகிறார்கள்? இருபதாவது கல்யாண நாள் அன்றைக்கு முகூர்த்தப் பட்டைக் கட்டிக்கொண்டு மீனாட்சி கோயிலுக்குப் போகலாம் என்று ஆசைப்பட்டேன். மூட்டையிலிருந்து ரவிக்கையை மட்டும் முதலில் உருவி எடுத்து, தையலைக் கொஞ்சம் பிரித்துவிடலாமா என்று மேலே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அந்தப் பக்கம் வந்தார். பார்த்தார். "அது இப்ப உனக்கு ஒரு கைக்குத்தான் பத்தும்" என்று சொல்லிச் சிரித்துவிட்டுக் குளிக்கப் போனார்.

அவ்வளவுதான். வேறெதுவும் சொல்லவில்லை. நான் ரவிக்கையைத் திரும்ப உள்ளே சொருகி முடிச்சைப் போட்டேன். கோயிலுக்குச் சுங்குடிப் புடவையில் போனோம். மூன்றாம் நாள் பாத்திரக்காரர் வந்தார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

அபிநயா நேற்று ஊருக்குக் கிளம்பிவிட்டாள். இன்றைக்குக் காலையில் இட்லி வெந்துகொண்டிருந்தது. அவர் அடுப்படி நிலையில் வந்து நின்றார். அடுப்படிக்கு அவர் வந்தால் ஒன்று காபி, இல்லை காபி. டம்ளரை எடுத்தேன்.

"தவமணி, நம்ம புடவை எங்க?"

"எந்தப் புடவை? அதான் அன்னைக்குப் பாத்தீங்களே."

"அது நம்ம புடவை இல்ல."

நான் விடவில்லை. "ஏன் இல்ல? அரக்கு, மாம்பழ பார்டர், ருத்திராட்சக் கட்டம். போட்டோவை வச்சுப் பாருங்க."

"போட்டோல அரக்குதான். புடவை அரக்கு இல்ல. நாவப்பழம்."

"யாருக்குச் சொல்றீங்க? கட்டுனவ நானு!"

"நீ கட்டுன. நான்தானே பாத்தேன்" என்றார். பிறகும் நிறுத்தவில்லை. இவர் வாயிலிருந்து இத்தனை வார்த்தை ஒரே மூச்சில் வந்து நான் கேட்டதே இல்லை. "அன்னைக்கு உன் மொகத்தப் பாக்க எனக்கு ஒரே வெக்கம். எங்க சித்தப்பன் வேற எதிர்ல உக்காந்து கேலி பண்ணிக்கிட்டிருந்தாரு. ஒரு மணி நேரம் குனிஞ்ச தலை நிமிரல. ஐயர் பொகையப் போட்டுக் கொல்றாரு. கண்ணுக்கு நேரா உன் முழங்காலும் புடவையும்தான். நெருப்பு வெளிச்சம் பட்டா ஊதா, படலன்னா கறுப்பு. நாவப்பழமேதான். போட்டோ வருசா வருசம் செவந்துக்கிட்டே வந்துச்சு. நீ கவனிக்கலையா? என் வேட்டிகூட அதுல செவப்பாத்தான் இருக்கு."

ஹாலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். வெள்ளை வேட்டி ரோஜா நிறத்தில் இருக்கிறது. என் கன்னம், மாலை, சுவர், எல்லாம் சிவப்பு. பதினோரு வருடமாகப் புடவையைப் பார்க்கவில்லை, அதற்கு முன்னால் மூட்டையில் கிடந்ததையும் பிரித்துப் பார்த்ததில்லை, தினமும் பார்த்தது இந்த போட்டோவை. சுவரே சிவப்பாகியிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. நூர்ஜஹானுக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை.

திரும்பி வந்து அடுப்படித் தரையில் உட்கார்ந்தேன். சொல்லிவிட்டேன். பாத்திரக்காரர், இட்லிச் சட்டி, எல்லாம்.

"இதுவா?" என்று அடுப்பைக் காட்டினார்.

"இதுதான்."

"ஏன் தவமணி?"

இடம் அடைத்தது என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. "ஒரு கைக்குத்தான் பத்தும்னு சொன்னீங்க" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. ஐம்பத்தைந்து வயதில், இட்லி ஆவியில் உட்கார்ந்துகொண்டு, ஒரு ரவிக்கைக்காக ஓவென்று அழுதேன். வெட்கக்கேடு.

"நான் அப்படிச் சொன்னேனா?"

"சொன்னீங்க. சிரிச்சீங்க."

அவர் எட்டி அடுப்பை அணைத்தார். சட்டியில் தண்ணீர் வற்றி அடி கறுத்திருந்தது.

ஆகஸ்ட் 20, புதன்

என்னோடு புடவைக் கடைக்கு வந்தார். எப்போதும் வாசலில் ஆம்பளைகளுக்குப் போட்டிருக்கும் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். இன்றைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பாயில் சம்மணம் போட்டார். அதற்கு நாற்காலியே தேவலாம் போலிருந்தது.

"இது கத்திரிப்பூ. நாவப்பழம் இல்ல."

"சார், இதான் சார் நாவப்பழம்."

"தம்பி, நாவப்பழம் தின்னிருக்கீங்களா?"

ஒவ்வொரு புடவையையும் வெயிலுக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார். கடையில் எரிகிற லைட்டில் எல்லாமே பொய் சொல்லுமாம். மூன்று கடையில் விற்கிறவர்கள் ஓய்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். எனக்குக் கால் கடுத்துப் போயிற்று. "ஏதோ ஒண்ண எடுங்க, போவோம்" என்று கெஞ்சினேன். "உனக்குத்தான் கலரு தெரியாதே, பேசாம இரு" என்றார். இந்த மனுஷனை நாற்காலியிலேயே விட்டு வைத்திருக்கலாம் என்று நினைத்தேன்.

ஐந்தாவது கடையில் வாசல் வெயிலில் விரித்தபோது பேச்சை நிறுத்தினார். குனிந்து, மடிப்பை நிழலுக்குள் இழுத்துப் பார்த்தார். கறுத்தது. வெயிலுக்குத் தள்ளினார். ஊதா வந்தது.

"இதான்" என்றார்.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மணவறையில் நான் குனிந்து பார்த்த என் மடி இந்த நிறம்தான்.

அரக்குப் புடவையைக் கடையில் திருப்பி எடுக்க மாட்டோம் என்றார்கள். அந்துருண்டை வாசனை ஒரு தெருவுக்கு வருகிறதாம்.

ஆகஸ்ட் 23, சனி

லீவுக்கு வந்த அபிநயாவை உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தப்பு என்னுடையதும்தான் என்று தானாகவே சொன்னார், என்ன தப்பு என்று மட்டும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அவள் முகம் சுண்டிப்போயிற்று. "அப்ப நான் மோந்து பாத்து அழுதது?"

"ஆடித் தள்ளுபடியில வாங்குனது."

எழுந்து ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. போச்சு, கல்யாணத்துக்கு முன்னால் மகளை இழந்தாயிற்று என்று நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தவள் நேராக அடுப்படிக்குப் போனாள். இட்லிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள்.

"இதுதானே உன் கல்யாணப் பட்டு?"

"ஆமா."

"அப்ப இது எனக்கு. சீர்ல வச்சுக் குடுத்துரு."

"அடியே, அது அடி கறுத்துக் கெடக்குடி. உனக்குப் புதுசா வாங்கி வச்சிருக்கேன்."

"தேய்ச்சுறாதம்மா" என்றாள். "அந்தக் கறுப்புதான் லுக்கு."

செப்டம்பர் 3, புதன்

ரிசப்ஷன். நாவல்பழப் பட்டில் அவள், பட்டு வேட்டியில் பிரசன்னா, பழைய போட்டோவில் நாங்கள் உட்கார்ந்த அதே மாதிரி. சுருங்காத சுருக்குப் பையும் கையில். நான் அந்துருண்டை வாசனையோடு அரக்கில். பழைய போட்டோவை மேடைப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். சம்பந்தியம்மா ரெண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கலர் வேறயா இருக்கே?" என்றார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "புடவை சரியாத்தாங்க இருக்கு. போட்டோவுக்குத்தான் வயசாயிருச்சு."

செப்டம்பர் 5, வெள்ளி

சீர்த் தட்டுகள் போயின. பித்தளைக் குத்துவிளக்குக்கும் வெள்ளிக் கிண்ணத்துக்கும் நடுவில் அடி கறுத்த இட்லிச் சட்டி. பார்த்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

நாலு நாளாக உப்புமா. மாவு புளித்துப் பொங்குகிறது, அவிக்கச் சட்டி இல்லை. மகளுக்கு வாங்கிய புதுச் சட்டியையும் அவளே கொண்டுபோய்விட்டாள். ரெண்டும் வேண்டுமாம், ஒன்று பார்க்க, ஒன்று அவிக்க. கடைக்குப் போய் ஒன்று வாங்கி வாருங்கள் என்று இவரிடம் மூன்று தடவை சொல்லிவிட்டேன். ம், ம், ம்.

இன்றைக்குப் பதினோரு மணிக்குத் தெருவில் "பழைய துணிக்குப் பாத்திரம்" என்று குரல் கேட்டது. மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் வாளியை அப்படியே போட்டேன். பீரோச் சாவி எங்கே என்று ஓடி வந்தேன். பீரோ திறந்து கிடந்தது. அரக்குப் புடவை அதன் இடத்தில் இருந்தது. கோட்டு மாட்டும் ஹேங்கர் மட்டும் வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது.

வாசலுக்கு வந்தேன். அவர் படியேறி வந்துகொண்டிருந்தார். கையில் மூன்று தட்டோடு புது இட்லிச் சட்டி. கீழே பாத்திரக்காரர் கோட்டைக் கூடையில் மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, கல்யாணக் கோட்டையா குடுத்தீங்க? ஏன்?" என்று கத்தினேன்.

சட்டியை என் கையில் கொடுத்தார். முகத்தைப் பார்க்காமல், என் புடவை முந்தானையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"காலைல போட்டுப் பாத்தேன் தவமணி. ஒரு கைக்குத்தான் பத்துது."